நம்பகமும் பேணலும்: பழைய உழவு இயந்திரம் ஒன்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

'நம்பலாம்' என்னும் சொல்லை நாம் மனிதருக்கும் பொருளுக்கும் வேறுபாடின்றி வழங்குகின்றோம். ஒரு நண்பனை நம்பலாம் என்கின்றோம். ஒரு கிணற்றை, ஒரு பாலத்தை, ஒரு மருந்தை நம்பலாம் என்கின்றோம். வன்னியிலே நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த உழவு இயந்திரத்தைக் காட்டி, "மெசின் பழசுதான், ஆனால் கைவிடாது" என்று கமக்காரர் கூறுவதுண்டு. கைவிடுதல் என்பது உற்றார் உற்றாருக்கு இழைக்கும் தீங்கைக் குறிக்கும் சொல்லாகும். இரும்பாலும் இறப்பராலும் ஆன ஒரு பொருளுக்கு அச்சொல்லை வழங்குவது வெறும் பேச்சுவழக்கா, அன்றி அதனுள்ளே ஆராயத்தக்க உண்மை ஏதேனும் உளதா?

ஓர் இயந்திரத்தின் நம்பகம் அவ்வியந்திரத்தின் குணமா, அன்றி அதனைப் பேணுவோரின் ஒழுக்கமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினாவாகும். முன்னையது எனின், பேணல் பொறியியலாளருக்குரிய விடயம். அறவியல் கற்போர் அதனை விட்டுவிடலாம். பின்னையது எனின், ஒயில் மாற்றுவதும் ஆணி முறுக்குவதும் அறச்செயல்களின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை ஆகிவிடுகின்றன. புதிய இயந்திரத்தை விடுத்துப் பழையதை உரைகல்லாகக் கொள்வதற்கும் காரணம் உண்டு. புதிய இயந்திரத்தின் நம்பகம் அதனைச் செய்த தொழிற்சாலை கொடுத்த வாக்கு. உத்தரவாதக் காலம் முடிந்தபின் அவ்வாக்கு எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. அதற்குப் பின்னரும் இயந்திரம் ஓடுமாயின், வேறு யாரோ அப்பொறுப்பை ஏற்றுள்ளனர் என்பதே பொருள். அவர் யார் என்பதை அறிய முன்னர், பொருளை முதலில் அறிந்துகொள்வது நன்று.

இலங்கையின் வயல்களில் உழைத்த பழைய நாற்சில்லு உழவு இயந்திரங்களுள் பெயர்பெற்றவை மசி பேர்குசன் 35, 135 என்பனவாகும். வட அயர்லாந்தில் பிறந்த ஹரி பேர்குசன் (1884–1960), கலப்பையை இயந்திரத்தின் பின்புறத்தே மூன்று புள்ளிகளில் இணைத்து, ஒயிலின் அமுக்கத்தால் அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய முறையை வகுத்தவர். அம்முறையைக் கொண்ட ரி. ஈ. 20 என்னும் சிறிய இயந்திரம், இங்கிலாந்தின் கொவென்ற்றி நகரிலே 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. அதன் வழிவந்ததே 1956இல் வெளிவந்த 35. தொடக்கத்தில் அதிற் பொருத்தப்பட்ட நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் குளிரில் எளிதிற் தொடங்காமையால், பின்னர் பேர்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1964இன் இறுதியில் 135 வந்தது. இவற்றைச் செய்த கொவென்ற்றித் தொழிற்சாலை 2002இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. செய்தவர் நிறுத்திய பின்னரும் செய்யப்பட்ட பொருள் வயலில் நிற்கின்றது. ஆதலின் அதன் இன்றைய நம்பகத்தைக் கொவென்ற்றியின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

இருசில்லு உழவு இயந்திரத்தின் வரலாறோ நமது நாட்டோடு இன்னும் நெருங்கியது. நம்மவர் இன்றும் 'லான்ட்மாஸ்ரர்' என்று அழைக்கும் இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் இலங்கையரான ரே விஜேவர்தன (1924–2010). கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்ற அவர், வெப்பவலய நாடுகளின் சிறு விவசாயிக்கு ஏற்ற கருவியென அதனை உருவாக்கினார். பெயர் வேறாயினும் வகை ஒன்றாகிய ஏனைய இயந்திரங்களுக்கும் அதன் பெயரே நம்மிடையே நிலைத்துவிட்டது. ஆயின் பிற்காலத்தில் அவரே தம் படைப்பை ஐயுற்றார். எருமை செய்த வேலையை இயந்திரத்தைக் கொண்டு செய்வித்தோமேயன்றி, உழவு எதற்காக என்னும் அடிப்படை வினாவை எழுப்பவில்லை என்பது அவரது முடிவு. மண்ணை இயன்றவரை குறைவாகக் கிளறி, மரங்களின் தழையால் அதனை வளப்படுத்தும் பயிர்ச்செய்கையை வலியுறுத்துவதில் அவர் தம் பிற்காலத்தைச் செலவிட்டார். தாம் ஆக்கிய பொருளையே மறு ஆய்வுக்கு உட்படுத்தும் துணிவு அறிஞரிடத்தும் அரிதாகவே காணப்படுவதாகும்.

அவர் எழுப்பிய ஒப்பீட்டை நாம் வேறொரு திசையிலே கொண்டுசெல்லலாம். எருமைக்குக் காயம்பட்டால் அக்காயம் பெரும்பாலும் தானே ஆறும். அது களைத்தால் உறங்கி எழும். முதுமையடையுமுன் கன்று ஈனும். அதன் சாணமும் வயலுக்கு உரமாகும். தன்னைத் தானே சீர்செய்துகொள்வது உயிரின் இயல்பு. இயந்திரத்துக்கு அவ்வியல்பு இல்லை. அதன் தேய்வு ஒருவழித் தேய்வு. ஆணி தளர்ந்தால் தளர்ந்ததுதான், துருப்பிடித்தால் பிடித்ததுதான். உயிரிடத்தே இயற்கை செய்யும் சீரமைப்பை இயந்திரத்திடத்தே மனிதனே செய்யவேண்டியுள்ளது. எருமையை விட்டு இயந்திரத்துக்கு மாறியபோது, நாம் உழைப்பைக் குறைத்துக்கொண்டோம் என்று மட்டுமே எண்ணினோம். இயற்கையின் கையிலிருந்த ஒரு பொறுப்பை நமது கைக்கு மாற்றிக்கொண்டோம் என்பதையும் உடன் எண்ணியிருத்தல் வேண்டும்.

அப்பொறுப்பு எத்தகையது? அது சிறு செயல்களின் தொகுதி. காலையில் எஞ்சினைத் தொடக்கும் முன்னர் ஒயிலையும் றேடியேற்றர் நீரையும் பார்த்தல். காற்று வடிப்பானின் அடியிலுள்ள ஒயிற் கிண்ணத்தைக் கழற்றி, படிந்த புழுதியை அகற்றிப் புதிய ஒயில் விடுதல். டீசலிற் கலந்த நீரை வடித்துவிடுதல். முன்சில்லுகளின் அச்சாணிகளுக்குக் கிறீஸ் அடித்தல். சேற்றுழவு முடிந்தபின் கழுவித் துடைத்தல். ஓடிய மணித்தியாலங்களைக் கணக்கிட்டு உரிய வேளையில் எஞ்சின் ஒயிலை மாற்றுதல். காரின் வயதை மைல்களாற் கணிப்பர். உழவு இயந்திரத்தின் வயதை ஓடிய மணித்தியாலங்களாற் கணிப்பர். நின்ற இடத்தில் நின்று நீர் இறைத்தாலும் அதன் வயது ஏறுகின்றது. இவற்றுள் எச்செயலும் அரியதன்று. அரியது யாதெனில், பயன் கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் இவற்றை இடைவிடாது செய்தலாகும்.

இங்கே பேணல் என்னும் செயலின் தனித்தன்மை ஒன்று வெளிப்படுகின்றது. வீடு கட்டுபவனின் வெற்றி கண்முன் நிற்கும் வீடு. நெல் விளைவிப்பவனின் வெற்றி களத்திற் குவியும் நெல். பேணுபவனின் வெற்றியோ ஒன்றும் நிகழாமை. எஞ்சின் சூடேறி இறுகவில்லை, கிளச் நழுவவில்லை, நடுவயலில் இயந்திரம் நிற்கவில்லை என்னும் எதிர்மறைகளே அவன் ஈட்டிய பயன்கள். நிகழாத தீங்கை எவரும் காண்பதில்லை. காணாததை எவரும் புகழ்வதுமில்லை. உடைந்ததைச் சீர்செய்தவனுக்கு நன்றி கிடைக்கின்றது. உடையாமற் காத்தவனுக்கு அதுவும் கிடைப்பதில்லை. புகழை எதிர்பாராது செய்யும் செயலே அறத்தின் தூய வடிவம் எனக் கொள்வோமாயின், பேணல் அவ்வடிவத்துக்கு மிக அண்மையில் உள்ளது எனலாம்.

நமது மரபு இதனை அறியாததன்று. உழவுக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், நாடோறும் சென்று பாராத உரியவனிடம் நிலம் பிணங்கிக்கொள்ளும் என்னும் கருத்தை அங்கே அமைத்துள்ளார். நிலத்துக்குக் கூறிய அந்நியதி இயந்திரத்துக்கும் பொருந்தும். ஆயுத பூசை நாளிலே நாம் கருவிகளைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகின்றோம். கருவியின்றி வாழ்வில்லை என்னும் நன்றியுணர்வு அவ்வழக்கத்தின் உட்பொருள். ஆயின் ஆண்டில் ஒருநாள் பொட்டிட்டு, எஞ்சிய நாட்களில் ஒயில் அளவைப் பாராது விடுபவனின் வணக்கத்தை என்னென்பது? வணக்கம் எளிது, அதற்கு ஒரு நாள் போதும். பேணலுக்கோ எல்லா நாளும் வேண்டும்.

இனி, 'இதுவரை கைவிடவில்லை, ஆகவே இனியும் கைவிடாது' என்னும் வாதத்தை நோக்குவோம். பேர்ட்ரண்ட் ரசல் 1912இல் வெளியிட்ட மெய்யியல் நூலொன்றிலே ஒரு கோழியை உதாரணங் காட்டினார். நாடோறும் தனக்குத் தீனியிடும் கை நாளையும் தீனியிடும் எனக் கோழி எதிர்பார்க்கின்றது. ஒருநாள் அதே கை அதன் கழுத்தைத் திருகுகின்றது. கடந்த காலம் தன்னளவில் வருங்காலத்துக்குப் பிணை நிற்பதில்லை என்பதே இதனாற் பெறப்படுவது. பழைய இயந்திரத்தின் சொந்தக்காரர் சிலர் இக்கோழியின் நிலையிலேயே உள்ளனர். நாற்பது ஆண்டுகள் ஓடியது என்பதே நாளையும் ஓடும் என்பதற்குச் சான்றாகாது. தேய்வை எண்ணுமிடத்து அது எதிர்ச்சான்றாகவும் ஆகலாம். நாற்பது ஆண்டுகளும் அது ஓடியதற்குக் காரணமாயிருந்த பேணல் இன்றும் தொடர்கின்றதா என்பதே வினா. தொடருமாயின் நமது நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. தொடராதாயின் நாம் நம்புவது பழம்பெருமையை மட்டுமே.

இவ்விடத்தே ஒரு தடை எழுப்பப்படலாம். நியூசிலாந்திற் பிறந்த மெய்யியலாளர் அனெற் பையர், 1986இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒன்றன்மீது சார்ந்திருத்தலையும் ஒருவரை நம்புதலையும் வேறுபடுத்திக் காட்டினார். சார்ந்திருந்த பொருள் உடைந்தால் நாம் ஏமாற்றமடைகின்றோம். நம்பிய மனிதர் தவறினால் நாம் வஞ்சிக்கப்பட்டதாக உணர்கின்றோம். இயந்திரத்துக்கு நல்லெண்ணமும் இல்லை, தீய எண்ணமும் இல்லை. ஆகவே இயந்திரத்தை நம்புதல் என்பது சொற்குற்றம் அன்றோ என்று வினவலாம். தடை வலிமையானதே. ஆயின் இயந்திரம் என்றும் தனித்து நிற்பதில்லை என்பதை மறத்தலாகாது.

ஓர் ஊரில் எல்லாக் கமக்காரரிடமும் உழவு இயந்திரம் இருப்பதில்லை. இரண்டு ஏக்கர் வயல் உடையவர், இயந்திரம் உடையவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என உழவுக்கூலி கொடுத்தே தம் நிலத்தைப் பண்படுத்துகின்றார். வடகீழ்ப் பருவமழையை நம்பிச் செய்யும் காலபோகத்தில் விதைப்புக்கு வாய்க்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் இயந்திரம் பழுதுபட்டு நிற்குமாயின், சொந்தக்காரருக்கு நேர்வது ஒரு செலவு. சிறு கமக்காரருக்கு நேர்வதோ ஒரு போகத்தின் இழப்பு. வரிசையில் முதலில் நிற்பவரின் வயல் உழப்பட்டிருக்கும், இறுதியில் நிற்பவரின் வயல் தரிசாய்க் கிடக்கும்; இறுதியில் நிற்பவர் பெரும்பாலும் வறியவராகவே இருப்பார். அவர் நம்பியது இரும்பையா? அவர் நம்பியது 'செவ்வாய்க்கிழமை வருகின்றேன்' என்று சொன்ன மனிதரின் வாக்கை. அவ்வாக்கு நிறைவேறுவதற்கு வேண்டிய ஒயிலும் வடிப்பானும் செவ்வாய்க்கிழமைக்கு முன்னரே கவனிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆகவே பேணாமல் விட்டவர் இயந்திரத்துக்குத் தவறிழைத்தார் என்பதிலும், வாக்குப் பிறழ்ந்தார் என்பதே பொருத்தமாகும். பையர் வகுத்த வேறுபாடு அழியவில்லை. இயந்திரத்தைச் சார்ந்திருப்பதன் பின்னால் மனிதரை நம்புதல் மறைந்துள்ளது என்பதே தெளிவாகின்றது.

அந்நம்பிக்கை ஒருவரோடு நின்றுவிடுவதுமில்லை. சாரதி, கராஜ் தொழிலாளி, உதிரிப்பாகம் விற்பவர், எரிபொருள் கொண்டுவருபவர், அதனை அனுமதிக்கும் அரசு எனச் சங்கிலிபோல் நீள்வது அது. சங்கிலியின் வலிமையை அது அறுபடும்போதே அறிகின்றோம். 1990இல் போர் மீண்டும் மூண்டதிலிருந்து 2002இன் போர்நிறுத்தம் வரை, வடக்கின் பல பகுதிகளுக்கு எரிபொருள், பற்றறி, உதிரிப்பாகம், உரம் முதலியன தடைசெய்யப்பட்டன அல்லது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. யாழ்ப்பாணத்திலே பழைய ஒஸ்ரின் கார்களைச் சிறிதளவு பெற்றோலாற் தொடக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜாம் போத்தலில் விளக்கேற்றிப் படித்தனர். பேர்குசனின் ரி. ஈ. 20 வகையுள் ஒன்று, பெற்றோலிற் தொடங்கி மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளில் ஓடுமாறு இங்கிலாந்திலேயே செய்யப்பட்டிருந்தது. அங்கே தொழிற்சாலையும் எரிபொருள் நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த முறையை, இங்கே கராஜ் தொழிலாளிகள் வேறு வழியின்றித் தாமே கண்டுகொண்டனர்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோதும், 2009இல் வன்னி மக்கள் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கரைவரை இடம்விட்டு இடம் ஒதுங்கியபோதும், உழவு இயந்திரமும் அதன் பெட்டியும் பல குடும்பங்களுக்கு வீடாயின. நெல் மூடை ஏற்றிய பெட்டியில் முதியோரும் நோயாளரும் குழந்தைகளும் ஏறினர். அவ்வேளை எஞ்சின் தொடங்குமா என்பது ஒரு போகத்தைப் பற்றிய வினாவன்று. உயிரைப் பற்றிய வினா. போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் பகுதியிலே கைவிடப்பட்ட வாகனங்கள் குவிந்து கிடந்த காட்சியைப் படங்களில் நாம் கண்டுள்ளோம். அங்கே கிடந்த பல இயந்திரங்கள் தம் சொந்தக்காரரைக் கைவிடவில்லை. சொந்தக்காரரும் அவற்றை விரும்பிக் கைவிடவில்லை.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இல்லாமையிற் பிறந்த திறமையை நாம் வியந்து போற்றுகின்றோம், போற்றுதல் தகும். அத்திறமையைக் காரணங் காட்டி இல்லாமையையே நியாயப்படுத்துதல் தகாது. 'அவர்கள் மண்ணெண்ணெயிலும் ஓட்டுவார்கள்' என்னும் பாராட்டு, அவர்களுக்கு டீசல் மறுத்தவரின் குற்றத்தைக் குறைப்பதில்லை. கட்டாயத்தால் விளைந்த பொறுமையைப் பண்பாட்டின் பெருமையாக மட்டும் பேசுவது துன்பத்தை அலங்கரிப்பதாகும். 2022இலே அந்நியச் செலாவணி வரண்டு, டொலர் ஒன்றின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுள் 350 ரூபாவுக்கு மேல் உயர்ந்தபோது, நாடு முழுவதும் இப்பாடத்தின் ஒரு பகுதியைக் கற்றது. தெற்கிலும் வடக்கிலும் கமக்காரர் டீசலுக்கு வரிசையில் நின்றனர். சங்கிலி எங்கே அறுபட்டாலும் வயலில் நிற்பது ஒரே இயந்திரமே.

சங்கிலியின் ஒரு கண்ணி நமது கொழும்பில் உள்ளது. கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரம் இல்லாத பஞ்சிகாவத்தை, வாகன உதிரிப்பாகங்களுக்கு நாடறிந்த சந்தை. புதியனவும் பழையனவும், கழற்றி எடுத்தவையும் அங்கே விற்பனையாகின்றன. அங்கு வாங்கிய சிறு பொதியொன்று, வெள்ளவத்தையிலிருந்து இரவிற் புறப்படும் பேருந்தில் ஏறினால் மறுநாட் காலையில் வடக்கே சென்றுவிடும். பழைய மெய்யியற் புதிரொன்றை நினைவூட்டும் இடமும் இதுவே. தீசியசின் கப்பலிலே பழுதான பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினால், இறுதியில் நிற்பது அதே கப்பலா என்னும் வினாவைப் புளூட்டார்க் பதிவுசெய்தார். அகற்றிய பலகைகளைச் சேர்த்து மற்றொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் மேலும் வினவினார். ஹொப்சின் இரண்டாவது கப்பல் கற்பனை. பஞ்சிகாவத்தையிலோ ஓர் இயந்திரத்திற் கழற்றிய பாகம் மற்றோர் இயந்திரத்தில் ஏறுவது அன்றாட வாணிகம்.

எனின், பிஸ்ரனும் கியரும் றேடியேற்றரும் மாற்றப்பட்ட இயந்திரத்தை 'அதே மெசின்' என்று கமக்காரர் சொல்வது எதனால்? பொருள் மாறிவிட்டது, மாறாமல் நிற்பது அதனைப் பற்றிய அறிவு. மழை நாளில் இது எவ்வாறு தொடங்கும், எந்தக் கியர் வழுவும், எந்த ஒலி கேட்டால் உடனே நிறுத்தவேண்டும் என்பன சாரதியின் கையிலும் செவியிலும் பதிந்துள்ளன. குறையற்ற இயந்திரம் எங்குமில்லை. பழைய இயந்திரத்தின் நம்பகம் அதன் குறைகள் அறியப்பட்டவை என்பதிலேயே தங்கியுள்ளது. நெடுங்கால நட்பும் இத்தகையதே. நண்பரிடம் குறை இல்லாமையால் அன்று, குறையை அறிந்தும் உடனிருப்பதால் அது உறுதிப்படுகின்றது. இவ்வறிவு பத்திரங்களில் எழுதப்படுவதில்லை. இயந்திரத்தை விற்கும்போது இரும்பே கைமாறுகின்றது. அறிவைக் கேட்டறியும் பொறுமை வாங்குபவருக்கு இருந்தாலன்றி அது விற்பவரோடு போய்விடுகின்றது.

பேணலை இவ்வாறு உயர்த்திப் பேசுமிடத்து அதன் எல்லையையும் கூறுதல் கடன். பழையதை விடமாட்டேன் என்னும் பிடிவாதம் எப்போதும் அறமாகாது. பிறேக் தேய்ந்த இயந்திரத்தை, பின்விளக்கில்லாத பெட்டியோடு, இருளில் பெருந்தெருவில் ஓட்டுபவர் தமது அன்புக்குப் பிறரின் உயிரைப் பணயம் வைக்கின்றார். பெட்டியின் விளிம்பிற் பிள்ளைகளை அமர்த்திச் செல்வதும் அத்தகையதே. 'என் தந்தை வாங்கிய மெசின்' என்னும் உணர்ச்சி மதிக்கத்தக்கது. எதிரே வரும் சைக்கிள்காரருக்கு அவ்வுணர்ச்சியாற் பாதுகாப்பில்லை. பேணல் என்பது உண்மையைப் பார்க்கும் ஒழுக்கமாதலின், இனி இது தெருவுக்கு ஆகாது, வயலுக்குள் மட்டும் ஆகும், அல்லது எதற்கும் ஆகாது என்று உரிய வேளையில் ஏற்றுக்கொள்வதும் பேணலின் பகுதியே. பழையதை வைத்திருப்பவர் எல்லோரும் விரும்பி வைத்திருப்பவரல்லர் என்பதையும் மறக்கலாகாது. புதியது வாங்க வழியின்மையால் வைத்திருப்பவரை நோக்கி 'பாதுகாப்பு முக்கியம்' என்று கூறுவதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. அவருக்கு ஒரு சோடி பிறேக் கிடைப்பதற்கு வழி உண்டா என்பதும் நமது வினாவாதல் வேண்டும்.

இம்மானுவேல் கான்ற் வகுத்த அறவியலிலே, ஒருவர் செய்ய இயலாததை அவரது கடமை எனக் கூற முடியாது என்னும் கருத்து அடிப்படையானது. பேணல் கடமை எனின், பேணுவதற்கு வேண்டிய கருவியும் பாகமும் அறிவும் பேணுபவருக்கு எட்டுவனவாக இருத்தல் வேண்டும். கடமையை ஒருவர்மீது சுமத்தி, அதனை நிறைவேற்றும் வழியைப் பூட்டிவைத்தல் முரண்பாடாகும். இம்முரண்பாடு இன்று செல்வந்த நாடுகளிலும் எழுந்துள்ளது. புதிய உழவு இயந்திரங்களின் இயக்கம் கணினி மென்பொருளோடு பிணைக்கப்பட்டுள்ளமையால், அமெரிக்க விவசாயிகள் தம் சொந்த இயந்திரத்தைத் தாமே பழுதுபார்க்க இயலாது தவிப்பதாக முறையிட்டனர். 2023இல் கொலராடோ மாநிலம், விவசாய உபகரணங்களைப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. அச்சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, ஜோன் டியர் நிறுவனத்துக்கு எதிராக இதுபற்றி வழக்குத் தொடுத்தது. அங்கே பூட்டியிருப்பது மென்பொருள். இங்கே ஒரு காலத்திற் பூட்டியிருந்தது பொருளாதாரத் தடை. இரண்டின் நோக்கமும் கொடுமையும் ஒன்றல்ல. எனினும் பேணுபவரை அவர் பேணவேண்டிய பொருளிலிருந்து பிரித்தல் இரண்டுக்கும் பொது. 35ஐப் போன்ற பழைய இயந்திரத்தின் பெருமை இங்கேயே விளங்குகின்றது. ஸ்பானர்களும் பொறுமையும் உடைய எவருக்கும் அது தன்னைத் திறந்து காட்டுகின்றது.

இவையெல்லாம் வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் தெருக்களிலும் வாழும் நமக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கப்படலாம். நம்முட் பலரின் குடும்பங்களுக்கு வடக்கிலோ கிழக்கிலோ இன்றும் வயல் உண்டு. அவ்வயலை உழும் இயந்திரம் ஒன்றும் உண்டு. 'அந்தப் பழசை விற்றுவிடலாமா?' என்னும் ஆலோசனை கொழும்பிலும் இலண்டனிலும் தொலைபேசி வழியே நடைபெறுகின்றது. அவ்வாலோசனையிலே விலை பேசப்படுகின்றது. டீசற் செலவு பேசப்படுகின்றது. நாடோறும் அதன் ஒயிலைப் பார்த்துவந்த சாரதியின் பெயர் பேசப்படுவது அரிது. அவரது கூலி உழுத மணித்தியாலத்துக்கே கணக்கிடப்படுகின்றது. துடைத்த நேரத்துக்கும் கிறீஸ் அடித்த நேரத்துக்கும் எவரும் கணக்கு வைப்பதில்லை. 'எங்கள் மெசின் இதுவரை கைவிடவில்லை' என்று நாம் கூறும் பெருமை உண்மையில் அவருக்குரியது. உரியவருக்கு உரியதைக் கொடாமை நீதியின் குறை என்பதை அறவியல் வகுப்பிலே கற்கின்றோம். அக்குறை நமது வயலோரத்தில் நிகழும்போது அதனைக் காண நாம் பழகவில்லை.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். நன்றாகச் செய்யப்பட்ட எஞ்சினும் எளிய அமைப்பும் நம்பகத்துக்கு வேண்டிய நிபந்தனைகள். அவை தொழிற்சாலை தந்தவை. அந்நம்பகத்தை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பது மனிதரின் ஒழுக்கம். 'கைவிடாது' என்னும் சொல் இயந்திரத்துக்கு உருவகமாகவே பொருந்தும்; அதனைப் பேணியவருக்கு நேர்பொருளிலேயே பொருந்தும். பழைய உழவு இயந்திரம் ஒன்றை நம்பலாமா என்று இனி எவரேனும் கேட்பாராயின், அது எந்த ஆண்டிற் செய்யப்பட்டது, எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று வினவுவதோடு அமையாது, அதனை இப்போது பார்ப்பவர் யார், அவருக்கு வேண்டியன கிடைக்கின்றனவா, அவருக்குரிய கூலி கொடுக்கப்படுகின்றதா என்றும் வினவுதல் வேண்டும். இம்மூன்றுக்கும் கிடைக்கும் விடையே அவ்வியந்திரத்தை நம்பலாமா என்பதற்கான விடையுமாகும்.